அட்சரகணிதத்திற் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும்

கரும்பலகையும் வெண்கட்டியும் இல்லாத இடத்தில் அமர்ந்து அட்சரகணிதம் பேசத் துணிந்தமைக்கு முதற்கண் தங்கள் பொறுதியை வேண்டுகின்றேன். வானொலிக்குக் காது உண்டு, கண் இல்லை. ஆகவே, வீட்டில் உள்ள பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றையும் ஒரு பென்சிலையும் அருகில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றேன். நான் சொல்லச் சொல்ல அதில் எழுதிக்கொண்டு வருவீர்களாயின், கரும்பலகை இல்லாத குறை ஒருவாறு நீங்கும்.

பெற்றோர் பலர் பாடசாலைக்கு வந்து கூறும் முறைப்பாடு ஒன்று உண்டு. “கீழ் வகுப்புகளில் என் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வந்தது, கணக்குக்குள் எழுத்து வந்த நாள் தொடக்கம் கணக்குப் போய்விட்டது” என்பதே அது. இதனைச் சிறு காரியமாக எண்ணலாகாது. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் கட்டாய பாடம். சமன்பாடு, காரணிகாண்டல், வரைபு என்று பின்னர் வருவன யாவும் கோவைகளைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தெரிந்தவனுக்கே வசப்படும். அந்த வாயிலில் இடறி விழுந்த பிள்ளை, தனக்குக் கணிதம் வராது என்று தானே தீர்ப்பெழுதிவிட்டு, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்துவிடுகிறது. அத்தீர்ப்பைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

நான் கணிதப் பட்டதாரி அல்லன், கலைப் பட்டதாரி. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்தமையால், வேறு வழியின்றி அந்த வகுப்பை ஏற்றேன். முதலாண்டிலே நான் செய்த பிழையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே நேர்மை.

“ஐந்து மாம்பழமும் மூன்று மாம்பழமும் எட்டு மாம்பழம், ஐந்து மாம்பழமும் மூன்று பலாப்பழமும் கூட்ட முடியாதவை. எழுத்துகளும் அவ்வாறே” என்று கற்பித்தேன். பிள்ளைகள் தலையசைத்தனர். கூட்டற் கணக்குகளை அழகாகச் செய்தனர். எனக்கும் பெருமிதம் உண்டாயிற்று. இரண்டு கிழமை கழித்துப் பெருக்கலுக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “சேர், மாம்பழத்தை மாம்பழத்தாலே பெருக்கினால் என்ன வரும்?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை. மாம்பழத்தை மாம்பழத்தாற் பெருக்க இயலாது என்பது அச்சிறுமிக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாதிருந்தவன் நான்.

எழுத்து என்பது பொருளின் பெயர் அன்று, எண்ணின் பெயர். இவ்வொன்றை முதல் நாளே பிள்ளையின் மனத்தில் நிறுத்திவிட்டால் மற்றவை எளிதில் வரும். ஒரு பெட்டிக்குள் எத்தனையோ ரூபாய் இருக்கிறது. எத்தனை என்பது இன்னும் தெரியாது. அந்தத் தொகைக்கு ஒரு பெயர் வேண்டும். பாடநூல்களில் ஆங்கில எழுத்தாகிய ‘எக்ஸ்’ அப்பெயராக நிற்கும். இன்றைய பேச்சில் நான் ‘யா’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்கின்றேன். இது நான் புதிதாகப் படைத்ததன்று. 1150ஆம் ஆண்டளவில் ‘பீஜகணிதம்’ என்னும் நூலை இயற்றிய பாஸ்கராசாரியர், தெரியாத எண்ணை ‘யாவத்-தாவத்’ என்றார். ‘எவ்வளவோ அவ்வளவு’ என்பது அதன் பொருள். எழுதும்போது முதலெழுத்தாகிய ‘யா’ மட்டும் எழுதுவது வழக்கம். தெரிந்த எண்களுக்கு ‘ரூபம்’ என்பதன் முதலெழுத்தாகிய ‘ரூ’ இடுவர். நம் கடைக்கணக்கிலும் ரூபாய்க்கு அதே எழுத்து வருவது தற்செயலாயினும் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாய் இருக்கும். தெரியாத எண்கள் பலவாயின் கருமை, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்களை இட்டார்கள். ஓரினத்தோடு ஓரினமே கூடும், வேறினம் தனித்து நிற்கும் என்ற விதியையும் அந்நூல் சொல்கிறது. இன்று வகுப்பறையில் நாம் ‘நிகர்த்த உறுப்புகள்’ என்று கூறுவது அதுவே.

இனி, பல்லுறுப்புக் கோவை என்பது யாது? வரைவிலக்கணத்தை மனனம் செய்விக்குமுன் பிள்ளையிடம் ஓர் எண்ணைக் கொடுங்கள், 342 என்க. இதன் உள்ளே என்ன இருக்கிறது? மூன்று நூறுகள், நான்கு பத்துகள், இரண்டு ஒன்றுகள். நூறு என்பது பத்தின் வர்க்கம். ஆகவே 342 என்பது மூன்று பத்து-வர்க்கம், சக நான்கு பத்து, சக இரண்டு. இப்போது ‘பத்து’ என்ற சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ‘யா’ என்று வையுங்கள். 3யா² + 4யா + 2 என்ற கோவை கொப்பியில் நிற்கும். முதலாம் வகுப்பில் தானங்களைக் கற்ற நாளிலேயே பிள்ளை பல்லுறுப்புக் கோவையைக் கற்றுவிட்டது, பெயர்தான் தெரியாது. மூன்று, நான்கு என்பன குணகங்கள். யாவின் மேல் ஏறி நிற்கும் சிறிய எண் சுட்டி. மிகப் பெரிய சுட்டியே கோவையின் படி. சுட்டிகள் முழு எண்களாகவும் மறை அல்லாதனவாகவும் இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

கூட்டலைப் பாருங்கள். 342உடன் 125ஐக் கூட்டும்போது ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து, நூறின் கீழ் நூறு என்று எழுதுகிறோம். அதுபோலவே 3யா² + 4யா + 2 என்பதன் கீழே யா² + 2யா + 5 என்பதை எழுதுங்கள். வர்க்கத்தின் கீழ் வர்க்கம், யாவின் கீழ் யா, தனி எண்ணின் கீழ் தனி எண். கூட்டினால் 4யா² + 6யா + 7. யாவுக்குப் பத்து என்று இட்டால் 467. 342உம் 125உம் கூடியது அதுவேயன்றோ? பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பக்தாதிற் பிறந்த அஸ்-ஸமவ்அல் என்ற கணித அறிஞரும் கோவைகளின் குணகங்களை இவ்வாறே நிரல் நிரலாக அட்டவணையில் இட்டுக் கணித்தார்.

ஓர் எச்சரிக்கை. 2யா³ + 5யா − 1 என்பதுடன் 4யா² − 7யா + 6 என்பதைக் கூட்டச் சொன்னால், முதற் கோவையில் வர்க்க உறுப்பு இல்லை. இரண்டாவதிற் கன உறுப்பு இல்லை. அவசரக்காரப் பிள்ளை கனத்தின் கீழ் வர்க்கத்தை எழுதி ஆறு என்று கூட்டிவிடும். 304 என்று எழுதும்போது பத்துகளின் இடத்திற் பூச்சியம் இடுகிறோமே, அவ்வாறே இங்கும் இல்லாத உறுப்பின் இடத்திற் பூச்சியம் இடப் பழக்குங்கள். விடை 2யா³ + 4யா² − 2யா + 5.

“2யா²உம் 3யாவும் கூடினால் 5யா³ ஆகாதா?” என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். யாவுக்குப் பத்து இடச் சொல்லுங்கள். இருநூறும் முப்பதும் சேர்ந்து 230. 5யா³ என்பதோ 5000. இருநூற்று முப்பது ரூபாயை ஐயாயிரம் என்று கணக்கெழுதும் கடைக்காரனிடம் பிள்ளை சாமான் வாங்குமா? ஆசிரியரின் பிரம்பைக்காட்டிலும் அந்தப் பத்து அதிகம் கற்பிக்கும்.

கழித்தலில்தான் வகுப்பறையின் கண்ணீர் தொடங்குகிறது. 5யா² + 3யா − 4 என்பதிலிருந்து 2யா² − யா + 6 என்பதைக் கழிக்க வேண்டும். அரைவாசிப் பிள்ளைகள் அடைப்புக்கு முன்னே நிற்கும் ‘சய’ குறியை முதலாம் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவற்றை உள்ளபடியே எழுதிவிடுவர். “அடைப்பை நீக்கினாற் குறி மாறும்” என்று நூறு தடவை சொன்னேன். நூறு தடவையும் எழுதினார்கள். நூற்றோராவது தடவை மறந்தார்கள். ஏன் மாறும் என்று நான் ஒரு தடவையும் சொல்லவில்லை.

சந்தைக்குப் போவோம். கையில் 1500 ரூபாய் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 980 ரூபாய். என்ன செய்வீர்கள்? ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்து இருபது ரூபாய் மிச்சம் வாங்குவீர்கள். 980 என்பது ஆயிரம் சய இருபது. அதைக் கழிக்கும்போது ஆயிரம் கையைவிட்டுப் போயிற்று. இருபது கைக்கு வந்தது. 1500 − (1000 − 20) என்பது 1500 − 1000 + 20. மிச்சம் 520. உள்ளே ‘சய’ ஆக இருந்த இருபது வெளியே ‘சக’ ஆனதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. தேவைக்கு அதிகமாகக் கழித்துவிட்டோம், அதிகத்தைத் திரும்பப் பெற்றோம். மிச்சக் காசை வாங்க மறந்துவரும் பிள்ளையை வீட்டில் ஒருவரும் மன்னிப்பதில்லை. கொப்பியிற் குறியை மாற்ற மறப்பதும் அத்தகைய மறதியே என்று சொன்ன நாளிலிருந்து, என் வகுப்பில் அந்தப் பிழைக்கு ‘மிச்சக்காசை விட்டிட்டு வந்தது’ என்று பெயர் வழங்கலாயிற்று.

இப்போது நம் கணக்கு. 5யா² + 3யா − 4 − 2யா² + யா − 6. நிகர்த்தவற்றைச் சேர்த்தால் 3யா² + 4யா − 10. பத்தை இட்டுச் சோதியுங்கள். முதற் கோவை 526, இரண்டாவது 196, வித்தியாசம் 330. விடையும் 300 சக 40 சய 10, அதாவது 330. மிச்சக்காசை விட்டுவிட்டு வந்தவனின் விடை 3யா² + 2யா + 2, அது 322.

பெருக்கலுக்கு ஒரு காணி வேண்டும். சதுரமான தோட்டம் ஒன்றின் பக்கம் யா அடி என்க. கிழக்குப் புறத்து வேலியை 5 அடியும் வடக்குப் புறத்து வேலியை 3 அடியும் தள்ளிப் போடுகிறோம். வேலியைத் தள்ளிப் போடுவது நம்மூர்களில் நீதிமன்றம் வரை செல்லும் காரியம். நாம் காகிதத்தில் மட்டும் செய்வோம். இப்போது ஒரு பக்கம் யா + 5, மற்றது யா + 3. பழைய வேலிகள் இருந்த இடத்தைப் புள்ளிக்கோட்டாற் குறித்தால், தோட்டம் நான்கு துண்டாகத் தெரியும். பழைய தோட்டம் யா². கிழக்கே நீண்ட துண்டு 5யா. வடக்கே நீண்ட துண்டு 3யா. மூலையிற் சிறு துண்டு 15. மொத்தம் யா² + 8யா + 15. பத்தை இட்டால் 15ஐ 13ஆற் பெருக்கிய 195.

முதற் கோவையின் ஒவ்வோர் உறுப்பும் இரண்டாவதன் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கும் என்ற விதியைப் பிள்ளை இப்படத்திலே தன் கண்ணாற் காண்கிறது. கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியார் ஒவ்வொருவரும் பெண் பகுதியார் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லவேண்டும். ஒருவரை விட்டாலும் மனத்தாங்கல். இருவர் மூவரைச் சந்தித்தால் ஆறு வணக்கம். ஆகவே (யா + 2) என்பதை (யா² − 3யா + 4) என்பதாற் பெருக்கினால், சுருக்குமுன் ஆறு உறுப்புகள் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: யா³ − 3யா² + 4யா + 2யா² − 6யா + 8. சுருக்கினால் யா³ − யா² − 2யா + 8. பத்துக்கு 12ஐ 74ஆற் பெருக்குங்கள், 888. விடையிலும் ஆயிரம் சய நூறு சய இருபது சக எட்டு, 888 தான். யாவை யா²ஆற் பெருக்கினால் யா³ வருவது, மூன்று யாக்கள் அடுத்தடுத்து நின்று பெருகுவதால். பெருக்கலிற் சுட்டிகள் கூடும். கூட்டலிற் சுட்டிகள் அசையா. இந்த வேறுபாட்டை விரைந்து சொல்லிவிட்டுப் போகலாகாது. ஒரு முழுப் பாடவேளையை அதற்கு ஒதுக்கலாம்.

காணிப் படத்தின் பெரும்பயன் இன்னோரிடத்தில் விளங்கும். (யா + 3)² என்பதற்கு யா² + 9 என்று எழுதாத வகுப்பை நான் கண்டதில்லை. படத்தை வரையச் சொல்லுங்கள். பழைய தோட்டம் இருக்கிறது. மூலையில் மூன்றுக்கு மூன்றான சிறு துண்டும் இருக்கிறது. இடையே இருபுறமும் ஓடும் நீண்ட துண்டுகள் இரண்டும் எங்கே? அவற்றை அயல்வீட்டானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று கேளுங்கள். அவ்விரண்டும் 3யா வீதம் 6யா; சரியான விடை யா² + 6யா + 9. கிறித்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னர் யூக்கிளிட்டு தம் ‘மூலங்கள்’ என்ற நூலின் இரண்டாம் புத்தகத்து நான்காம் தேற்றமாக நிறுவியது இந்தப் படத்தையே. எழுத்துக் குறியீடு ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை.

இனி, ‘சய’வைச் ‘சய’வாற் பெருக்கினாற் ‘சக’ ஆவது எவ்வாறு? இதனை ஒரு மந்திரம்போல ஒப்புவிக்கச் செய்யும் வழக்கம் எங்கும் உண்டு. மந்திரம் பரீட்சை மண்டபத்திற் கைவிடக்கூடும். மறுபடியும் அதே காணிக்கு வருவோம். வீதியை அகலப்படுத்துவதற்காகக் கிழக்கே 2 அடியும் வடக்கே 3 அடியும் எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய காணி (யா − 2)(யா − 3). சொந்தக்காரர் கணக்குப் பார்க்கிறார். முழுக்காணி யா². கிழக்கே போனது 2யா, கழித்தார். வடக்கே போனது 3யா, கழித்தார். ஆனால், வடகிழக்கு மூலையில் உள்ள 6 சதுர அடி, கிழக்குத் துண்டிலும் இருக்கிறது, வடக்குத் துண்டிலும் இருக்கிறது. ஒருமுறை போன நிலத்தை இருமுறை கழித்துவிட்டார். ஆகவே ஒருமுறை திரும்பக் கூட்ட வேண்டும். யா² − 5யா + 6. அந்த ‘சக ஆறு’ என்பதே சய இரண்டைச் சய மூன்றாற் பெருக்கிய பயன். பத்துக்கு, எட்டேழு ஐம்பத்தாறு. நூறு சய ஐம்பது சக ஆறு, அதுவும் ஐம்பத்தாறு. வாய்ப்பாடு சாட்சி சொல்லுகிறது. 628ஆம் ஆண்டிற் பிரமகுப்தர் நேர் எண்ணைத் தனம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் வைத்து இவ்விதிகளை எழுதிவைத்தார். கடன் என்ற உவமை கூட்டல் கழித்தலுக்குச் சிறப்பாக உதவும். பெருக்கலுக்குக் காணியே எனக்குக் கைகொடுத்தது.

தானங்களுக்கும் கோவைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூர்மையான பிள்ளை அதைக் கேட்கும். 23ஐ 14ஆற் பெருக்குக. கோவையாக (2யா + 3)(யா + 4). விடை 2யா² + 11யா + 12. எண்ணாகப் பெருக்கினால் 322. இரண்டு, பதினொன்று, பன்னிரண்டு எங்கே. மூன்று, இரண்டு, இரண்டு எங்கே? எண்ணிற் பன்னிரண்டு ஒன்றுகள் சேர்ந்தவுடன் பத்தைக் கட்டி அடுத்த தானத்துக்கு அனுப்புகிறோம். கோவையில் அவ்வாறு அனுப்ப இயலாது. எத்தனை சேர்ந்தால் ஒரு யா ஆகும் என்பது நமக்குத் தெரியாதே. அதனாற் பதினொன்று பதினொன்றாகவே நிற்கிறது. மிச்சம் ஏற்றும் தொல்லை இல்லாத அட்சரகணிதப் பெருக்கல், எண் பெருக்கலிலும் எளிது என்று சொன்னாற் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்; ஆயினும் உண்மை அதுவே.

எண்ணை இட்டுச் சோதிக்கும் வழியை இவ்வளவு நேரமும் புகழ்ந்தேன். அதன் குறையையும் சொல்லவேண்டும். சோம்பேறிப் பிள்ளை பூச்சியத்தை இட்டுச் சோதிக்கும். (யா + 3)² என்பதிலும் பூச்சியத்துக்கு ஒன்பது. பிழையான யா² + 9 என்பதிலும் ஒன்பது. பிழை தப்பிவிடும். ஒன்றை இட்டால் வர்க்கமும் கனமும் ஒன்றாகவே தோன்றும். சுட்டிப் பிழை தப்பிவிடும். பத்து நல்லது, எனினும் ஒரே எண்ணிற் பொருந்தியதால் விடை சரியென்று நிறுவியதாகாது. இரண்டாம் படிக்கு மேற்படாத இரு கோவைகள் வெவ்வேறான மூன்று எண்களுக்கு ஒத்துவந்தால், அவை ஒன்றேதான். மூன்றாம் படிக்கு நான்கு எண்கள் வேண்டும். இதற்கான காரணம் மேல் வகுப்புக்குரியது. கீழ் வகுப்புப் பிள்ளைக்கு, பத்தையும் இரண்டையும் இட்டுப் பார்த்துவிட்டு விடைத்தாளைக் கொடு என்று சொன்னாற் போதும். தன் விடையைத் தானே சோதிக்கத் தெரிந்த பிள்ளை, ஆசிரியரின் சிவப்புப் பேனாவுக்காகக் காத்திருப்பதில்லை. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இதன் அருமை எத்துணை என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மாம்பழக் கேள்வி கேட்ட சிறுமிக்கு அன்று நான் விடை சொல்லவில்லை என்றேன். அடுத்த நாள் காலையில் முற்றத்து மணலிற் சதுரம் ஒன்றைக் கீறிக் காட்டினேன். அவள் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்ப இது பழம் இல்லை, நீளம்” என்றாள். பாடத்தை அவளே முடித்துவிட்டாள்.

நேரம் நெருங்குகின்றது. கொப்பியில் ஒரு பெருக்கலைக் குறித்துக்கொள்ளுங்கள்: (யா − 1) என்பதை (யா² + யா + 1) என்பதாற் பெருக்குக. சுருக்குமுன் ஆறு உறுப்புகள் வரும். அவற்றில் நான்கு, இரண்டிரண்டாக ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறையும். எஞ்சி நிற்பது எது என்பதை நான் சொல்லப் போவதில்லை. யாவுக்குப் பத்து இட்டால் 9ஐ 111ஆற் பெருக்கியது 999 ஆகும். அதனோடு உங்கள் விடையை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.